வரையில் ஈன்ற பெட்டை

1936-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 20-ந் தேதி உத்தமபாளையம் சப் மாஜிஸ்திரேட் முன்பாக எதிரி சொன்னது:

என் பெயர் சுருளியாண்டி, தகப்பனார் பெயர் அம்மாவாசி, வயது 34, காமயகவுண்டன்பட்டி மேலத்தெருவில் குடியிருக்கிறேன். காட்டிலாகாவில் ஒன்பது வருஷமாக வாட்சர். மலைமேல் வரையாடுகளை எண்ணிச் சொல்வதும், சட்டத்துக்கு விரோதமாகச் சுடுகிறவர்களைத் தடுப்பதும் என் வேலை.

இந்த மாதம் 9-ந் தேதி காலை, போடி ஏலக்காய் வியாபாரி பொன்னுராஜ் ஒரு கிடா சுட லைசென்ஸ் பெற்றிருந்தபடியால், ரேஞ்சர் உத்தரவுப்படி அவரை மேலே கூட்டிப்போனேன். உச்சிப் பாறையை அடைந்தபோது மேகம் மூடி, பக்கத்தில் நின்ற அவரே எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு காற்றடித்து மேகம் விலகியதும், செங்குத்தான பாறைச் சரிவான வரை முழுவதும் ஆடுகள் நின்றன. அறுபத்திரண்டு வரை எண்ணினேன், அதற்குமேல் எண்ண மறந்துவிட்டேன். ஒருசேர இருபதுக்கு மேல் நான் அதுவரை கண்டதில்லை. எங்களுக்கு இருபது கஜ தூரத்தில், ஒரு முழ அகலமுள்ள விளிம்பில், ஒரு பெட்டை அப்போதுதான் ஈன்று குட்டியை நக்கிக்கொண்டிருந்தது. குட்டி ஈரம் காயாமலே எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்து நின்றது. அதன் குளம்புக்குக் கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது.

பொன்னுராஜ் துப்பாக்கியைத் தூக்கினார்.

"பெட்டைய்யா அது. பெட்டையச் சுடக்கூடாதுன்னு ரேஞ்சரய்யா சொல்லித்தான விட்டாக" என்றேன்.

"ஏலே, விலகு. மறுபடி மூடிரும்" என்றார்.

நான் குழலை மேலே தட்டினேன். வெடி ஆகாயத்தில் போயிற்று. துப்பாக்கி அவர் கைநழுவிப் பள்ளத்தில் விழுந்தது. மந்தை கலைந்து ஓடியது, தாயும் ஓடியது, குட்டி மட்டும் விளிம்பில் நின்றது.

அதன் பிறகு பெட்டை தனியாகத் திரும்பி வந்தது. எங்களைப் பார்த்துக்கொண்டே வந்து, குட்டியை மறைத்து நின்றது. "ஆளு நிக்கிறது தெரிஞ்சே வருதுப்பா" என்று பொன்னுராஜ் மெதுவாகச் சொல்லி, தொப்பியைக் கழற்றினார். நான் கைகூப்பி நின்றதாக அவர் பிராதில் எழுதியிருக்கிறார். எனக்கு அது நினைவில்லை. பெட்டை முன்னே நடக்க, குட்டி அந்த விளிம்பிலேயே பின்னால் போயிற்று.

இறங்கி வரும்போது அவர், "குட்டி பிழைச்சுக்கிருமா?" என்று இரண்டு தரம் கேட்டார். தெரியாது என்றேன். மூன்றாம் நாள்தான் துப்பாக்கி போனதற்குப் பிராது கொடுத்தார்.

துப்பாக்கியைத் தட்டியது நான்தான். நேற்று அந்த வரைக்குப் போய்ப் பார்த்தேன். குட்டி தாயிடம் பால் குடிக்கிறது. இதைப் பொன்னுராஜ் அய்யாவுக்குத் தெரிவிக்கும்படி கோர்ட்டாரைக் கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதைப் படித்துக்காட்டக் கேட்டேன். நான் கண்டதும் செய்ததும் இவ்வளவே, கூட்டியதும் குறைத்ததும் இல்லை.

(ஒப்பம்) சுருளியாண்டி