மயிலுக்குத் தலை வைத்தவர்

ஏஞ்சல்: அப்புறம்? உங்க பொண்ணு கேட்டதுக்கு என்னதான் பதில் சொன்னீங்க, ஆனந்துண்ணா?

ஆனந்தகுமார்: யூகேஜி படிக்கறப்ப கேட்டுது. "அப்பா, இங்கிலீஷ்ல சின்ன ஏ, பெரிய ஏ ரெண்டும் இருக்குது. நம்ம 'அ'வுல பெரிசு எங்கப்பா?"ன்னுது. 'ஆ'தான் பெரிசுன்னு சொல்லிட்டேன்.

ஏஞ்சல்: கொழந்தைய ஏமாத்திட்டு உங்களுக்குத் தூக்கம் வேற வந்துச்சா?

ஆனந்தகுமார்: அதுக்குத் தண்டனை அப்பவே கெடச்சிடுச்சும்மா. அந்த வருசம்தான் முதலாளிக்கு இந்தப் பொடவை டிசைன் புரோகிராமை எழுத ஆரம்பிச்சேன். பேரெல்லாம் தமிழ்லதான்னு வீம்பு. புரோகிராம் எழுத ஃபங்ஷனல் மொழின்னு ஒரு வகை கம்ப்யூட்டர் மொழியைப் புடிச்சா, அது என் பொண்ணு கேட்டதையே கேக்குது. பட்டு, மயிலுன்னு ஒவ்வொரு வகைக்கும் பேர் வெக்கணும்ல? அது பெரிய எழுத்துல ஆரம்பிக்கணுமாம். தமிழ் எழுத்து அத்தனையும் சின்ன எழுத்துன்னு அதுவா முடிவு கட்டி வெச்சிருக்குது.

ஏஞ்சல்: அத்தனையுமா?

ஆனந்தகுமார்: ஒண்ணு பாக்கியில்ல.

ஏஞ்சல்: யாரு பெரிசு, யாரு சின்னதுன்னு நம்ம ஊர்லதான் பாப்பாங்கன்னு நெனச்சேன். கம்ப்யூட்டருக்குள்ளயும் வந்து உக்காந்துக்கினு இருக்குதா...

ஆனந்தகுமார்: அதான் பேருக்கு முன்னாடி இங்கிலீஷ் எக்ஸ் ஒண்ணைக் காவலுக்கு நிறுத்தினேன்.

ஏஞ்சல்: பாத்தேன். 'எக்ஸ்மயல்'. மயிலை விட்டுட்டுப் போன பழைய புருசனாட்டம். அது கெடக்கட்டும், மயில் எப்பிடி 'மயல்' ஆச்சு?

ஆனந்தகுமார்: கால், கொம்பு, கொக்கி எதையும் அது எழுத்துன்னே சேத்துக்க மாட்டேங்குது. புள்ளி வெச்சா மட்டும் ஒத்துக்கும்.

ஏஞ்சல்: ஓ... அதான் கரை 'கர' ஆயிடுச்சு, முந்தி 'மந்த' ஆயிடுச்சு. 'மந்த'ன்னதும் எழுதினவரோட புத்தியைப் பத்தின்னு நெனச்சுட்டேன்.

ஆனந்தகுமார்: சிரி, சிரி. அந்த மொழியைச் செஞ்சவன் பேர்லதான் கையைக் கட்டிட்டான். குறியில அந்தக் கட்டெல்லாம் கெடையாது. கூட்டல், கழித்தல் மாதிரி நாமளே புதுசு புதுசா குறி செஞ்சுக்கலாம்.

ஏஞ்சல்: செஞ்சுதான் வெச்சிருக்கீங்களே. இது என்ன... மழையில அழிஞ்ச கோலமா?

ஆனந்தகுமார்: இந்த வாரம்தான் செஞ்சேன். ஒரு உருவத்தைக் கரை நெடுக வரிசையா ஓட்டற குறி அது.

ஏஞ்சல்: இந்த ரெண்டு கண்ணு, நடுவுல ஒரு மூக்கு?

ஆனந்தகுமார்: ஒண்ணு மேல ஒண்ணை வெக்கற குறி. தலையை உடல் மேல வெய்யி, வெச்சதைக் கரையில ஓட்டு. ஒரே வரியில மயில் கரை முடிஞ்சுது. எதை முதல்ல செய்யணும்னு சொல்ல எங்கயாவது அடைப்புக்குறி இருக்குதா பாரு.

ஏஞ்சல்: இல்லண்ணா. அதான் பயமே.

ஆனந்தகுமார்: கேலியை விடு. மூணு மாசம் பாக்கலாம்னுதான் முதலாளி உன்னைச் சேத்துக்கினாரு. இன்னியோட முடியுது. இப்ப வந்துடுவாரு... உன்னை வெச்சுக்கறதா, அனுப்பிடறதான்னு சொல்லப்போறாரு. அவர்கிட்ட காட்டறதுக்கு என்ன வெச்சிருக்கே?

ஏஞ்சல்: பழைய பொடவைங்களைப் போட்டோ எடுத்தேன். உங்க கோலத்தை ஓட்டினேன். அவ்ளோதான்.

ஆனந்தகுமார்: வேற ஒண்ணும் செய்யலை?

ஏஞ்சல்: ...இல்லண்ணா.

ஆனந்தகுமார்: நேத்து சாயங்காலம், நான் கச்சபேஸ்வரர் கோயிலுக்குக் கெளம்பினப்புறம்?

ஏஞ்சல்: டீ குடிச்சேன். லைட்டை அணைச்சேன். செவிலிமேடு பஸ்ஸைப் புடிச்சேன்.

ஆனந்தகுமார்: எப்பவும் போற பஸ்ஸா?

ஏஞ்சல்: ஏதோ ஒரு பஸ்ஸு. போலீஸ்காரராட்டம் கேக்கறீங்க.

ஆனந்தகுமார்: செரி, இதப் பாரு. கோலக்குறிக்கு நம்பர் போட்டு மேல ஒரு வரி இருக்குதே... எவ்ளோ அறிவா எழுதியிருக்கேன் பாரு.

ஏஞ்சல்: நீங்களா... எழுதினீங்க?

ஆனந்தகுமார்: என் கம்ப்யூட்டர்ல, என் பேர்ல இருக்குது. வேற யாரு எழுதுவா? அந்த வரி எதுக்குன்னு தெரியுமா உனக்கு?

ஏஞ்சல்: எழுதினவரே சொல்லட்டும்.

ஆனந்தகுமார்: அது வந்து... நீ சொல்லு. கத்துக்கினியான்னு பாக்கறேன்.

ஏஞ்சல்: நாமளா செஞ்ச குறிக்கு, எது முதல்ல, எது அப்புறம்னு நம்பர் குடுக்கணும். கண்ணு மூக்குக்கு ஆறுன்னு குடுத்திருக்கீங்க. கோலத்துக்குக் குடுக்கலைன்னு வெச்சுக்கோங்க, அது தானா ஒன்பதை எடுத்துக்கும். ஒன்பதுதான் இருக்கறதுலயே ஒசத்தி. கல்யாணப் பந்தியில யாரும் கூப்புடாமலே முதல் எலையில உக்காந்துக்கறவரு மாதிரி, பக்கத்துல இருக்கறதை முதல்ல வளைச்சுக்கும்.

ஆனந்தகுமார்: வளைச்சுக்கினா?

ஏஞ்சல்: உடலை மட்டும் இழுத்துக்கினு போய்க் கரையில ஓட்டிடும். கரை நெடுக தலையில்லாத மயிலு. தலை ஒண்ணே ஒண்ணு, ஆரம்பத்துல அநாதையா நிக்கும்.

ஆனந்தகுமார்: தறியில ஏறியிருந்தா?

ஏஞ்சல்: நெய்யறவரு ஒரு சாண் நெய்ஞ்சதும் பாத்துட்டு இங்க போன் பண்ணுவாரு. நெய்ஞ்சதை உக்காந்து பிரிக்கணும். மறுநாள் முதலாளி வந்து, எவன் செஞ்சதுன்னு ஆடித் தீத்துடுவாரு. நல்லவேளை... நீங்கதான் அந்த வரியை எழுதிட்டீங்களே.

ஆனந்தகுமார்: ஆமா, நான்தான். முதலாளிகிட்டயும் அப்பிடியே சொல்லிடட்டா?

ஏஞ்சல்: சொல்லுங்க.

ஆனந்தகுமார்: நான்தான் எழுதினேன்னு?

ஏஞ்சல்: வேற யாரு எழுதுவா? அடைப்புக்குறிக்குப் பஞ்சம் வந்த ஊர்ல பொறந்த மேதை நீங்க ஒருத்தர்தானே.

ஆனந்தகுமார்: உன்னை அனுப்பிட்டாருன்னா என்ன பண்ணுவே?

ஏஞ்சல்: மறுபடியும் ஜெராக்ஸ் கடைதான். அங்க இந்தக் கண்ணு, மூக்கெல்லாம் கெடையாது. பச்சை பட்டன் ஒண்ணுதான்... அம்மாதான் கொஞ்சம் அழுவும்.

குமாரசாமி: யாரு அழுவறது?

ஏஞ்சல்: வாங்க முதலாளி...

குமாரசாமி: உக்காரும்மா. நம்ம மயில் பொடவை நெய்யற குமாரவேல் தறியைப் பாத்துட்டுதான் வரேன். மயிலுக்கெல்லாம் தலை இருக்குது.

ஏஞ்சல்: ஆனந்துண்ணா எழுதின வரி, முதலாளி.

குமாரசாமி: அப்பிடியா? காலையில என் வீட்டுக்கு வந்து இவன் வேற கதை சொன்னானே. "தலையை எடுத்தது நான், வெச்சது ஏஞ்சலு. குமாரவேல் எனக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டாரு. ஆனா அந்தப் பொண்ணு வாயைத் திறக்காது"ன்னான். திங்கக்கிழமையும் வாம்மா. அப்புறமும் வா. இனிமே இவன் செய்யற குறியெல்லாம் நீ பாத்து சரின்னாதான் தறிக்குப் போவணும். டேய், கேட்டுதா? நான் வரேன், சாயப்பட்டறையில ஆள் காத்துக்கினு இருக்கான்.

ஏஞ்சல்: ...போயிட்டாரா?

ஆனந்தகுமார்: போயிட்டாரு.

ஏஞ்சல்: எல்லாம் தெரிஞ்சுக்கினே இவ்ளோ நேரம் அறிவாளி வேசமா?

ஆனந்தகுமார்: உன் வரியை நான் திருடிக்கினா, கோவத்துலயாவது உண்மையைச் சொல்லுவேன்னு பாத்தேன். நீ அசையவே இல்ல. வேலையே போயிருக்குமேம்மா... ஏன் என் பேர்ல போட்டே?

ஏஞ்சல்: முதல் வாரம் போட்டோ எடுக்கப் போனோமே... அந்த வீட்டம்மா உங்களை உள்ள கூப்புட்டாங்க, என்னை மட்டும் தெருவுலயே நில்லுன்னாங்க. நீங்க ஒரு வார்த்தை பேசலை. வெளிய வந்து, என் பக்கத்துல படியில உக்காந்துக்கினீங்க. மத்தியானம் வரைக்கும் அவங்கதான் பொடவையை ஒவ்வொண்ணா வாசலுக்குக் கொண்டாந்தாங்க. ஏன் அப்பிடிச் செஞ்சீங்கன்னு நான் உங்களைக் கேட்டனாண்ணா?