ஸ்பேர் மாமா கடையில் மெயின் சுவிட்ச் இறக்கப்பட்டது பற்றி

நான் பார்த்ததைப் பார்த்தபடியும் கேட்டதைக் கேட்டபடியும், எதையும் கூட்டாமல் குறைக்காமல், நடந்த வரிசையிலேயே உண்மையாகச் சொல்கிறேன். பெயரும் முகவரியும் மேலே எழுதப்பட்டுள்ளன. வயது பதினைந்து. பத்தாம் வகுப்பு படிக்கிறேன். அப்பாவுடனும் அண்ணனுடனும் வாடகை வீட்டில், மூன்றாவது மாடியில் இருக்கிறேன். அம்மா போன வருடம் இறந்துவிட்டார். அண்ணனுக்கு வயது இருபது. பார்சல் கிடங்கில் சுமை ஏற்றும் வேலை. இந்த வழக்கில் பிடித்து வைக்கப்பட்டிருப்பது அவன்தான். பெண் அதிகாரி ஒருவர் உடனிருக்க, நான் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதுகிறார்.

அண்ணனுக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வேண்டும் என்று வெகுநாள் ஆசை. கிடங்கில் உடன் வேலை செய்பவர்கள் சேர்ந்து விளையாடுவார்கள், மறுநாள் அதையே பேசுவார்கள், இவன் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பான். அம்மாவின் வைத்தியச் செலவு முடிந்த பிறகு இந்த வருடம்தான் தனக்கென்று கொஞ்சம் சேர்த்தான். கடையில் முழுதாக விற்கும் கம்ப்யூட்டர் எதுவும் அந்தத் தொகைக்குள் வராததால் பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நாங்களே பூட்டுவது என்று முடிவு செய்தோம். எதை வாங்கலாம் என்று பார்த்துச் சொல்லும் வேலையை அண்ணன் எனக்குக் கொடுத்தான். "நீதானே படிப்ஸ். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படி" என்றான். அப்படியே படித்தேன்.

கேம் தடங்கலில்லாமல் ஓடுவது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டைப் பொறுத்தது என்பதால் முதலில் அதைத் தேர்ந்து, மிச்சத்தை அதைச் சுற்றி அமைத்தோம். பிராசசர் பழையது போதும் என்றேன். பக்கவாட்டில் கண்ணாடி வைத்து உள்ளே கலர் லைட் எரியும் கேபினெட்டை அண்ணன் கடை வாசலில் நின்று பார்ப்பான். கடைசியில் அதையும் விட்டுவிட்டான். "வெறும் தகரம் போதும். என் மூஞ்சிக்கே கண்ணாடி அதிகம், இதுக்கு எதுக்கு?" என்றான். அப்பா, "விரலுக்குத் தகுந்த வீக்கம்தான்டா இருக்கணும்" என்று சொல்லி, தன் பங்காகக் கேபினெட் உள்ளே பூட்டும் சின்ன மின்விசிறி ஒன்று வாங்கிக் கொடுத்தார்.

பவர் சப்ளையில் மட்டும் செலவைக் குறைக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். எல்லாப் பாகங்களுக்கும் அதிலிருந்துதான் மின்சாரம் போகிறது. பெயர் தெரியாத மலிவானதைப் போட்டால் எல்லாவற்றையும் அது கெடுத்துவிடலாம் என்று படித்திருந்தேன். ஆகவே புதிய மட்டமானதைவிடப் பழைய தரமானது மேல் என்று, உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ஸ்பேர் மாமாவிடம் போனோம். எங்கள் பகுதியில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவரிடம் நல்ல கம்பெனி பவர் சப்ளை ஒன்று இருந்தது. அது வயர்களைத் தனியே கழற்றி மாட்டும் வகை. அதனுடன் வந்த வயர்கள் தொலைந்துபோயிருந்தன. அதனால்தான் எங்கள் கைக்கு எட்டும் விலையில் கிடைத்தது.

அதன் பிறகு அவர் ஒரு சாக்குப் பையில் கைவிட்டு வேறு கம்பெனி வயர்களை எடுத்துக் கொடுத்தார். ஒரு கம்பெனி வயர் இன்னொரு கம்பெனிப் பெட்டியில் பொருந்தினாலும் உள்ளே மின்சாரம் போகும் வரிசை வேறாக இருக்கலாம், மாற்றி மாட்டக் கூடாது என்று நான் அவரிடம் சொன்னேன். அவர், "வயருக்கென்னம்மா குலம் கோத்திரம்? மாட்டிப் பாரு, மாட்டுச்சுன்னா சம்பந்தம் முடிஞ்சுது" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். "மாமா எத்தனை மெஷின் பார்த்திருப்பாரு, விடு படிப்ஸ்" என்றான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் பெரிய ஹார்ட் டிஸ்க் புதிதாக வாங்க வழியில்லாததால் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரின் டிஸ்க்கையே இதில் போடுவதாக இருந்தோம். அம்மாவின் படங்களும் குரலும் இருந்தது அதில் மட்டும்தான்; அம்மாவின் போன் ஆஸ்பத்திரியில் காணாமல் போய்விட்டது. முதலில் நகல் எடுக்கலாம் என்றேன். பழைய கம்ப்யூட்டர் அப்போதே பாதி நேரம் உயிர் பெறாமல் கிடந்தது. புதியதில் மாட்டியதும் முதல் வேலை அதுதான் என்றான் அண்ணன். அதில் ஒரு பதிவை அவன் அடிக்கடி கேட்பான். அவனுக்கு அம்மா சமைக்கக் கற்றுக்கொடுப்பது அது. பெரும்பாலும் திட்டுதான். "முதல்ல அடுப்பை அணைடா, அப்புறம் வாய் பேசு" என்று அதில் அம்மா சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் மாமா கொடுத்த வயர்களையே மாட்டி எல்லாவற்றையும் பூட்டினோம். அண்ணன் குளித்துவிட்டு வந்து பொத்தானை அழுத்தினான். மின்விசிறி சுற்றியது. அதன் பிறகு டிஸ்க் இருந்த பக்கம் சின்னச் சத்தம் கேட்டு, கருகிய வாசனை வந்தது. அண்ணன் பிளக்கைப் பிடுங்கினான். டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தபோது அதன் பச்சை நிற சர்க்யூட் பலகையில் கருப்பாக ஓர் ஓட்டை இருந்தது. அண்ணன் அதைத் தன் சட்டையால் துடைத்தான்.

மறுநாள் மாலை அண்ணன் வேலை விட்டு வந்ததும் இருவரும் டிஸ்க்கைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஸ்பேர் மாமா கடைக்குப் போனோம். சண்டை போடும் எண்ணம் இல்லை. சரி செய்ய முடியுமா என்று கேட்கத்தான் போனோம். கடையில் அவர் மட்டும் இருந்தார். சோதனை மேசையில் மூடியைத் திறந்த ஒரு பவர் சப்ளை மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்து, "போயிடுச்சு. உள்ள இருக்கிறதும் போச்சுன்னே வச்சுக்க" என்றார். வயரால்தானே என்று நான் கேட்டேன். "உங்க கைராசி" என்றார். "சினிமாதானே இருந்திருக்கும்? மறுபடி இறக்கிக்கப்பா."

அண்ணன், "எங்க அம்மா இருந்தாங்க" என்றான்.

அவர் சிரித்துக்கொண்டு, "அம்மாவை யாராவது டிஸ்க்ல வைப்பாங்களா?" என்றார்.

அண்ணன் இரண்டு கைகளாலும் அவர் மார்பில் தள்ளினான். ஒரு முறைதான் தள்ளினான். அவர் பின்னால் சாய்ந்தார், தலை இரும்பு அலமாரியின் விளிம்பில் பட்டது, மேசையைப் பிடிக்கப் போனவரின் கையோடு அந்தத் திறந்த பவர் சப்ளை அவர்மேல் சரிந்தது. அவர் கை அதை விட முடியாமல் உதறியது. நான் அவரைப் பிடித்து இழுக்கக் குனிந்தேன். அண்ணன் என் முதுகில் இருந்த பள்ளிப் பையைப் பற்றிப் பின்னால் இழுத்து, "தொடாதே" என்றான். அதன் பிறகு சுவரை நோக்கி ஓடி மெயின் சுவிட்சை இறக்கினான். கடை முழுவதும் இருட்டானது. அந்த இருட்டில் அவன் மேசையை ஒதுக்கி அவரை வெளியே இழுத்தபோது அலமாரியில் இருந்த பெட்டிகள் சரிந்தன. தெருவுக்கு எதிர்ப்பக்கம் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் கேட்டதாகச் சொல்லும் பெரிய சத்தம் அதுதான். ஆம்புலன்ஸை அழைத்தது அண்ணனின் போனிலிருந்து. அது வரும்வரை அவன் ஸ்பேர் மாமாவின் தலையை மடியில் வைத்திருந்தான். டிஸ்க்கைச் சுற்றி வந்த துண்டால் காயத்தை அழுத்திக்கொண்டிருந்தான்.

ஸ்பேர் மாமா இன்று காலை வரை கண் திறக்கவில்லை என்று அதிகாரி சொன்னார். முதலில் விளக்கு அணைந்தது, பிறகே சத்தம் கேட்டது, ஆகவே திட்டமிட்டு இருட்டாக்கி அடித்திருக்கிறான் என்று கண்ணாடிக் கடைக்காரர் சொல்லியிருப்பதாகவும் அறிந்தேன். அவர் பொய் சொல்லவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்து அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நேற்று அப்பா என்னிடம், "வழுக்கி விழுந்தாருன்னு சொல்லிடும்மா. ஒரு வார்த்தைதானே" என்றார். சொல்லும்போது என் பள்ளி அடையாள அட்டையின் கயிற்றை நேராக்கிக்கொண்டே இருந்தார். "தள்ளலைன்னு சொன்னா, சுவிட்சை அவன் எதுக்கு இறக்கினான்னு நான் சொல்றதை யாருப்பா நம்புவாங்க?" என்று கேட்டேன். அப்படிச் சொல்லச் சொன்னதற்காக அப்பாமேல் எந்த நடவடிக்கையும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எழுத்தர் படித்துக் காட்டியபோது, இருட்டானதை ஸ்பேர் மாமா விழுந்ததற்கு முன்னால் வைத்து எழுதியிருந்தார். காலையில் கண்ணாடிக் கடைக்காரர் சொன்னதை எழுதியவரும் அவர்தான். அடித்துத் திருத்தச் சொல்லி, திருத்திய இடத்தில் கையெழுத்திட்டேன். பாதுகாவலர் என்ற இடத்தில் அப்பா படித்துப் பார்க்காமலே கையெழுத்திட்டார். இதில் உள்ளவை என் கண்ணால் கண்டவை, யாரும் சொல்லிக்கொடுக்காமல் என் வாயால் சொன்னவை, முழுவதும் உண்மை. வரிசை இதுதான்: அண்ணன் தள்ளினான், அவர் விழுந்தார், மின்சாரம் அவரைப் பிடித்தது, அதன் பிறகே விளக்குகள் அணைக்கப்பட்டன.