விலாவுக்குச் சற்றுக் கீழே

குளிப்பாட்டும் தண்ணீரின் சூட்டை விரல்நுனியில் பார்ப்பவர்களை எனக்குப் பிடிக்காது. விரல் பொய் சொல்லும். முழங்கையை விட்டுப் பார்க்க வேண்டும். அக்காவை அப்படித்தான் குளிப்பாட்டினேன். மருத்துவமனையில் ஆயாவாக இருந்த காலத்திலும் என் கைக்கு வந்த எவருக்கும் படுக்கைப்புண் வந்ததில்லை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், இன்ஸ்பெக்டர் மேடம்.

பக்கவாதம் அக்காவின் இடப்பக்கத்தை இழுத்துக்கொண்டது; நாக்கை மட்டும் விட்டுவிட்டது. சுவரில் ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமந்த ஆண்டவர் படம் ஒன்று மாட்டியிருந்தேன்.

"உன் ஆளுக்குத் தோள் வலிக்காதாடி? கொஞ்ச நேரம் இறக்கி வைக்கச் சொல்லு" என்பாள். ஊட்டினால், "உப்பு எங்கடி? அதுக்கும் ஜெபம் பண்ணணுமா?"

நோயாளியின் முகத்தில் ஆண்டவரைத் தேடுங்கள் என்று பாதிரியார் பிரசங்கத்தில் சொல்லியிருந்தார். துடைத்துவிடும் போதெல்லாம் தேடினேன். அக்காதான் தெரிந்தாள், சின்ன வயதில் எனக்குப் பட்டப்பெயர் வைத்த அதே வாய்.

பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது. அவளைத் திருப்பிப் போடாமல் அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால், விலாவுக்குச் சற்றுக் கீழே, இடுப்பெலும்பின்மேல் தோல் பிய்ந்திருந்தது. கழுவும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கேலி இல்லை. கண்கள் மேலே போயின, உதடுகள் பிரிந்தன, தலை தோளில் சாய்ந்தது. அந்த முகத்தை நான் சிலுவையில் பார்த்திருக்கிறேன். கையில் பஞ்சோடு முழங்காலிட்டேன்.

என் கைராசி, புண் ஆறிவிட்டது. அக்கா மறுபடி அக்காவானாள். பயிற்சி கொடுக்க வந்தவர், "சீக்கிரமே நாற்காலில உக்காந்துடுவாங்க" என்றார். அவள் மகள், "சித்தி, அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க பட்டது போதும்" என்றாள். நல்ல பெண்.

நான் அக்காவை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. முதுகுக்குப் பின்னால் உருளைத் தலையணையைச் செருகி, இடப்பக்கமாகவே விட்டுவைத்தேன்.

"திருப்பி விடுடி."

"இப்பதானக்கா திருப்பினேன். உனக்குத்தான் மறந்து போகுது."

முதலில் திட்டினாள். போகப்போகத் தன் நினைவையே நம்பாமல் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

மகள் போனில் கூப்பிடும்போதெல்லாம், அம்மாவுக்கு லேசாகக் காய்ச்சல், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். புண் எலும்புவரை போயிற்று. தினமும் கழுவினேன், பூவைத் தொடுவதுபோல. தினமும் அந்த முகத்தில் ஆண்டவர் வந்தார்.

ரத்தத்தில் நஞ்சேறி இறந்தாள் என்று மருத்துவர் சொன்னது சரிதான். ஏற்றியது நான். இப்போது அந்தக் கட்டிலில்தான் படுக்கிறேன். இடப்பக்கம் மரத்துப் போனாலும் புரள முடிவதில்லை. முதுகை எதுவோ அணைத்துப் பிடித்திருக்கிறது.

கடைசி நாட்களில் நான் உள்ளே நுழைந்தாலே அக்காவின் உடம்பு நடுங்கும்; பார்வை என் கையைவிட்டு அகலாது. நான் சொன்னதைக் கேட்டு, அது பயம் என்கிறாள் மகள். அவளுக்குப் புரியாது. அந்த அறையில் ஆண்டவரும் நானும் மட்டும்தான் இருந்தோம், மேடம். பயப்பட அங்கே யாருமே இல்லை.