வராத சாமி

அவலூர்பேட்டையிலிருந்து செஞ்சிக்கு வரும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை திடீரென்று சொன்னாள்.

“ஆடித் திருவிழாவுல எனக்கு சாமியே வரலக்கா. நானாத்தான் ஆடினேன்.”

“இன்னாடி சொல்ற?”

“பொண்ணுக்கு இப்பவே கல்யாணம்னு அவரு ஒத்தக்கால்ல நின்னாரு. நான் சொன்னா கேப்பாரா? ‘அவளப் படிக்க வைடா’ன்னு ஆத்தா சொல்ற மாதிரி சொன்னேன். எல்லார் எதிர்லயும் எங்கால்ல விழுந்துட்டாரு.”

“நல்லதுக்குத்தானே பண்ண? எனக்கு இதுலல்லாம் எப்பவுமே நம்பிக்கை கெடையாது. அதுக்குப் போயி ஏன்டி அழுவுற?”

தங்கை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“காலேஜுக்குப் போறப்பல்லாம் எம்பொண்ணு என்னைக் கும்பிட்டு, நெத்தியக் காட்டி துன்னூறு கேக்குதுக்கா. அது மூஞ்சிய என்னால பாக்க முடியல.”