ஒரு பந்து மல்லிகை

எனக்குப் பூ வாசனை ஆகாது. அதுவும் மல்லிகை என்றால் அரை மணி நேரத்தில் தலைவலி வந்து உட்கார்ந்துவிடும். கல்யாணத்தன்றுகூடக் கனகாம்பரம்தான் வைத்துக்கொண்டேன். சங்கரன்கோவிலில் எங்கள் தறிக்காரத் தெருவில் இது எல்லாருக்கும் தெரியும்.

தங்கத்தாய் எங்களுக்கு அடுத்த வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் தறி ஓடினால் இந்தப் பக்கம் என் அடுக்குப்பானை அதிரும். நல்லவள்தான், இல்லை என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. என் மூத்தவன் சங்கரபாண்டி பிறந்தபோது எனக்கு ஜன்னி கண்டு பால் சுரக்கவில்லை. அவளுக்கு அப்போது ஒரு கைக்குழந்தை, பெண். மகளை ஒரு பக்கமும் என் மகனை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டு, நான் எழுந்து நடமாடும்வரை பால் கொடுத்தாள். அவன் பிழைத்தது அதனால்தான். தெருவே சொல்கிறது, நானும் சொல்கிறேன்.

ஆனால் ஒன்றை யாரும் யோசிக்கவில்லை. அவளுக்குப் பால் தேவைக்கு மேல் இருந்தது. கட்டிக்கொண்டு வலிக்கும், சுவரோரம் பீய்ச்சி விடுவாள். கீழே கொட்ட வேண்டியதை என் பிள்ளைக்குக் கொடுத்தாள், அவளுக்கும் நோவு தீர்ந்தது. நிதானமாகப் பார்த்தால் யாருக்கு யார் உபகாரம்? அவள் அதைச் சொல்லிக் காட்டியதே இல்லை. காட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். சங்கரபாண்டி விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டால் என்னைத் தாண்டி அவளிடம்தான் அழுதுகொண்டு ஓடுவான். அவள் சிரித்துக்கொண்டே தூக்கிவந்து என் கையில் தருவாள். என் பிள்ளையை எனக்கே கொடுப்பாள்.

இந்தச் சித்திரையில் அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. சுதந்திரம் கிடைத்து இன்னும் வருடம் திரும்பவில்லை. என் இளையவனுக்கு ஏழு மாதம். பிரசவம் முடிந்து காய்ச்சல் கண்டவள் தேறவே இல்லை. உயிர் போகிற அன்று காலையில் அவள் புருஷன் குருநாதன் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதான். நான் கஞ்சித்தண்ணீரோடு பக்கத்தில் நின்றேன்.

"எதுக்கு அழுதிய? அதான் அக்கா இருக்காள்ல. பிள்ளைக்கு என்ன கவல?" என்றாள் அவனிடம்.

என்னிடம் கேட்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பரணில் கிடக்கிற அண்டாவை எடுத்துக்கொள்ளச் சொல்கிற மாதிரி சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது, அதை மறைப்பதற்கில்லை.

அன்று சாயங்காலம் அந்தப் பிள்ளையை எடுத்துப் பால் கொடுத்தேன். கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. காய்ந்துபோன பிள்ளை, விடாமல் உறிஞ்சியது. என் இளையவன் பக்கத்தில் கிடந்து காலை உதைத்து அழுதான். எனக்கு அளவாகத்தான் சுரந்தது. அவள் கொடுத்தது மிச்சம், என்னிடம் கேட்பது என் பிள்ளையின் பாதி. இது எந்த ஊர் நியாயம்?

மறுநாள் உடம்பு சரியில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டேன். தெருவில் பால் கொடுக்கிறவள் நான் ஒருத்திதான். வேறு ஜாதி ஜனத்தாரிடம் பிள்ளையைக் கொண்டுபோகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அது அழ, இந்தப் பக்கம் என் ரவிக்கை நனைந்தது. துணியை வைத்து அழுத்தினேன், மறுபடியும் நனைந்தது. அப்படியே விட்டால் என்னை அறியாமல் எழுந்து போய்விடுவேனோ என்று பயமாக இருந்தது. யாராவது வந்து கேட்டால் பொய்யும் சொல்ல வேண்டிவரும். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

அதனால் புறவாசல் வழியாகத் தேரடிக்குப் போய் ஒரு பந்து மல்லிகை வாங்கினேன். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் பால் வற்றுவதற்கு மார்பில் மல்லிகை வைத்துக் கட்டுவார்கள், எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த வைத்தியம். வாடவாடப் பூவை மாற்றி இறுக்கிக் கட்டினேன். தலைவலியில் கண்ணைத் திறக்க முடியவில்லை, பொறுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. வாரம் முடிவதற்குள் வற்றிவிட்டது. அதன் பிறகுதான் கதவைத் திறந்தேன்.

குருநாதன் வந்து நின்றான். ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து கொடுத்து, பிள்ளைக்கு வயிற்றோட்டம். பால் கேட்க நாக்கூசித் தலையைக் குனிந்துகொண்டான்.

"மதினி, ஒரே ஒரு நேரம் குடுங்க, போதும். பிள்ள கண்ணத் தொறக்க மாட்டேங்கான்."

"எனக்கே வத்திட்டு தம்பி. இருந்தா குடுக்க மாட்டேனா? வேணும்னா மருத்துவச்சிய வந்து பாக்கச் சொல்லுங்க."

மருத்துவச்சி இசக்கித்தாயை அவனே கூட்டிவந்தான். அவள் என்னை உள்ளே கொண்டுபோய்ப் பிழிந்து பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. எழுந்திருக்கப் போனவள் மூக்கை உறிஞ்சினாள்.

"ஏட்டி சுந்தரம், ஒனக்குத்தான் பூ வாசம் ஆகாதே. தலையிலயும் பூ இல்ல. எங்கேருந்து மணக்கு?"

நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வெளியே போய், "பால் இல்லய்யா, வத்திட்டு" என்றாள். அவளும் பொய் சொல்லவில்லை. நான் நீட்டிய தண்ணீரை மட்டும் வாங்காமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

கோமதியம்மன் கோவிலில் புற்றுமண் வாங்கிவந்து அந்தப் பிள்ளையின் நெற்றியில் நான்தான் பூசினேன். அக்கம்பக்கத்தில் செய்ய வேண்டியது எதையும் நான் விடவில்லை. வெள்ளிக்கிழமை விடிவதற்குள் அது போய்விட்டது. குருநாதன் தறியை அப்படியே போட்டுவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு இளையரசனேந்தலில் இருக்கிற தன் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டான்.

கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளை செத்தது என்னால்தான். ஆனால் தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. பெற்றவள் தன் பிள்ளையைத்தானே முதலில் பார்க்க வேண்டும்? என் இளையவன் வாயிலிருந்து ஒரு சொட்டை யாரும் பிடுங்கக் கூடாது, அதற்காகத்தான் செய்தேன்.

பூ கட்டியதிலிருந்து அவனுக்கும் ஆட்டுப்பால்தான். அது ஒத்துக்கொள்ளவில்லை, நேற்றிலிருந்து வயிற்றால் நிற்காமல் போகிறது, அழக்கூடச் சத்தம் வரவில்லை. உங்களுக்குத் தெரிந்து கைக்குழந்தைக்காரி யாராவது இருந்தால் சொல்லுங்கள். எந்தத் தெருவானாலும் சரி, எந்த ஜனமானாலும் சரி. பச்சைப் பிள்ளைக்கு என்று கேட்டால் கொடுக்காமலா போய்விடுவார்கள்?