உறுமி மேளத்தில் கிறிஸ்துமஸ் பாட்டு

எட்டாவது வரை படித்தவன் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சவுதியில், தம்மாமில் டிசம்பர் மாதம், டூட்டி முடிந்து கேம்புக்குத் திரும்பும் பஸ். ஸ்பீக்கரில் தமிழ்ப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முன்சீட்டில் இரண்டு திருநெல்வேலிக்காரர்கள்.

"ஏசு பொறந்ததுக்கு உறுமி மேளமாண்ணே?"

"மெதுவாப் பேசுலே. கேட்ட பாட்டே கேட்டுச் சலிச்சுப்போயி எங்க சபைப் பயலுவ போட்ட கேசட்டு."

"அத எதுக்கு டிரைவர்ட்ட குடுத்திய?"

"சினிமா கேசட்டுன்னு நெனச்சு மாத்திக் குடுத்துட்டேம்லே. இங்க ஏசு பாட்டுன்னு தெரிஞ்சா போலீசு பிடிச்சு ஊருக்கு ஏத்திருவான்."

செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் ஏறினார். ஸ்பீக்கரைக் காட்டி என்னவென்று கேட்டார். தமிழ் தெரியாத பாகிஸ்தான் பட்டாணி டிரைவர் கையைத் தட்டிக் காட்டி, கல்யாணப் பாட்டு என்றார்.

"அடுத்த அடி அல்லேலூயாலே! அது போலீசுக்கும் புரியும்."

"கும்பிடாதிய, கையை இறக்குங்க."

அல்லேலூயா வந்தது. உறுமிச் சத்தத்தில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. போலீஸ்காரர் தாளத்துக்குத் தலையை ஆட்டிவிட்டு இறங்கினார்.

மறுநாள் காலையும் டிரைவர் அதே கேசட்டைப் போட்டார். அவர்கள் இருவரும் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.