ஏணி மேலே ஒரு இங்கிலாந்துக்காரர்

— இன்னும் கொஞ்சம் இடது பக்கம் இழு நார்மன். கொடியில சிலுவை கோணிக்கிட்டு நிக்குது. பார்க்கிறவங்க கூட்டல் குறியா பெருக்கல் குறியான்னு கேட்கப் போறாங்க.

— நக்கலை அப்புறம் வச்சுக்கோ பெரில், முதல்ல ஏணியை ஒழுங்காப் பிடி. ஒரு கையாலதானே பிடிச்சிருக்கே?

— இன்னொரு கை மடங்க மாட்டேங்குது. இந்த மழைக்கு விரல் அஞ்சும் முள்ளங்கி மாதிரி வீங்கிக் கிடக்கு. காலையில என் சட்டைப் பொத்தானை யாரு போட்டுவிட்டா? நீதானே?

— தெரியும்மா, தெரியும். அதுக்காகத்தானே அந்தக் கடுதாசிக்குக் காத்துட்டிருக்கோம். தபால்காரர் தலை தெரியுதா?

— இன்னும் இல்ல. நல்ல சேதி வந்தா ஸ்பெயின். இல்லேன்னா இந்த கெட்டரிங் ஈரத்துலயே ஊறிச் சாகணும்.

— வரும், வரும். என் தாத்தா மிக்கி டூலி அயர்லாந்துல பிறந்தவர். கார்க் துறைமுகத்துலேர்ந்து கையில ஒரு பிடிலோட கப்பல் ஏறினவர். அவரோட பிறப்புச் சான்றிதழ் மட்டும் கிடைக்கட்டும், பேரனுக்கு ஐரிஷ் பாஸ்போர்ட். அது இருந்தா ஐரோப்பாவுல எங்க வேணா தங்கலாம். பேரன் பொண்டாட்டிக்கு ஸ்பெயின்ல, அலிகாண்டேல, அவ தங்கச்சி ரோஸ்மேரி வீட்டுல, வருஷம் பூரா வெயில்.

— நல்லா இருக்கு போ. அயர்லாந்துக்காரன் ஆகப் போறவன் இங்கிலாந்துக் கொடியைக் கூரையில கட்டறான். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

— கேட்டுக்கோ. பாஸ்போர்ட்டுங்கறது வெறும் காகிதம். இது ரத்தம். இன்னிக்கு ஏப்ரல் இருபத்திமூணு, நம்ம நாட்டைக் காக்கற ஜார்ஜ் சாமி நாள். இந்தத் தெருவுல நாப்பது வீடு இருக்கு. எதுலயாவது ஒரு கொடி உண்டா? போன மாசம் அயர்லாந்துக்காரங்களோட பேட்ரிக் சாமி நாளுக்கு, நம்ம பப்புல குடிக்க வந்த கூட்டத்துல கால் வைக்க இடமில்ல. இன்னிக்கு என்ன விசேஷம்னு கேட்டா, அந்த முதலாளி, ‘புதன்கிழமைதானே, வழக்கம்போல வினாடி வினா. வேற எதுக்கு வம்பு?’ங்கறான். வம்பாம்! சொந்த நாட்டுச் சாமி வம்பாம்!

— அன்னிக்குப் பச்சைத் தொப்பி மாட்டிக்கிட்டு மேசை மேல ஏறி ஆடினது யாரு?

— அது தாத்தாவுக்குச் செஞ்ச மரியாதை.

— ஏழு கிளாஸ் மரியாதை. நான்தானே வீடு வரைக்கும் தாங்கிட்டு வந்தேன்.

— கடையில போய் வாழ்த்து அட்டை கேட்டேன் பெரில். பேட்ரிக்குக்கு இருக்குமாம், நாய்க்குப் பிறந்தநாள் அட்டை இருக்காம், ஜார்ஜுக்கு இல்லையாம். அந்தப் பொண்ணு, ‘ஜார்ஜ் யாரு, உங்க பேரனா?’ன்னு கேக்குது. மானம் போச்சு!

— அவ மேல என்ன தப்பு? ஜார்ஜ் சாமியே துருக்கிப் பக்கத்துக்காரராம். இந்த மண்ணை மிதிச்சதே இல்லையாம். இன்னிக்குக் குதிரையோட வந்து இறங்கினா, விசா எங்கேன்னு கேட்டு நீயே திருப்பி அனுப்புவே.

— ஷ்ஷ்! எதிர்வீட்டு ஜெஃப்ரி வர்றான். மூஞ்சியைப் பாரு, செத்த எலியை மிதிச்ச மாதிரி. பாஸ்போர்ட் விஷயத்துல வாயைத் திறந்துடாதே.

— வணக்கம் பெரில். வணக்கம் நார்மன். என்ன, கூரை ஒழுகுதா?

— இல்ல ஜெஃப்ரி. கொடி கட்டறேன்.

— ஓ, அப்படியா. நல்லது, நல்லது. இன்னிக்கு இங்கிலாந்து ஆடற கால்பந்து ஏதாவது நடக்குதா?

— இல்ல.

— ஓ. தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு ஒண்ணுமில்ல. சிலருக்குத்தான் கொஞ்சம், எப்படிச் சொல்றது, இந்தக் கொடியைப் பார்த்தா, வீட்டுக்குள்ள எந்த மாதிரி ஆளுங்க இருக்காங்களோன்னு...

— எந்த மாதிரி ஆளுங்க? வெளிநாட்டுக்காரனை அடிச்சு விரட்டற கும்பலா? வாய் விட்டுச் சொல்லுங்க.

— ஐயையோ, நான் ஒண்ணும் சொல்லல. நீங்க அந்த மாதிரி இல்லேன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வர்றேன்.

— உங்க வாசல்ல ஜூலை மாசம் பூரா பிரெஞ்சுக் கொடி தொங்குச்சே, அது என்ன?

— அது வேற நார்மன். அது பண்பாடு. நாங்க சீஸ் விருந்து வச்சிருந்தோம்.

— கேட்டியா பெரில்? அடுத்தவன் கொடி பண்பாடு, நம்ம கொடி அசிங்கம்!

— இன்னொண்ணு நார்மன். நான் சொல்லக்கூடாதுதான். ஈஸ்டர் வாரத்துல வேற சாமி நாள் எதுவும் வரக்கூடாதாம். அதனால ஜார்ஜ் நாளைத் திருச்சபை இருபத்தெட்டாம் தேதிக்குத் தள்ளி வச்சிருக்கு. ஞாயிற்றுக்கிழமை கோயில்ல சொன்னாங்க. நீங்க வரல போல.

— என்னது? தள்ளி வச்சுட்டாங்களா? யாரைக் கேட்டு?

— அஞ்சு நாள்தானே. அதுவரைக்கும் கொடியை உள்ளே வச்சீங்கன்னா நனையாது பாருங்க. உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன். வரட்டுமா பெரில்?

— போயிட்டு வாங்க ஜெஃப்ரி.

— போறான் பாரு, வழுக்கிக்கிட்டு! இவனை மாதிரி ஆளுங்களாலதான் நாடு உருப்படாமப் போச்சு.

— அவர் சொன்னதுல என்ன பொய்? நீ கடைசியாக் கோயிலுக்குள்ள போனது நம்ம கல்யாணத்துக்கு. சாமி யாருன்னு தெரியாது, நாள் எதுன்னு தெரியாது, கொடி மட்டும் தெரியும். அதுவும் உலகக் கோப்பைக்கு பீரோட சும்மா வந்த கொடி. ஓரத்துல கம்பெனி பேரு இருக்கு.

— அதை மடிச்சுத்தான் கட்டியிருக்கேன்.

— ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி, ஐரோப்பிய யூனியன் வேணாம், வெளியே வருவோம்னு ஓட்டுப் போட்டியே. ரோஸ்மேரி வீட்டுக்கு எப்படிப் போறதுன்னு நான் கேட்டேனா இல்லையா? ‘அவங்களே கெஞ்சிக் கூப்பிடுவாங்க’ன்னே. இப்ப ஸ்பெயின்ல தொண்ணூறு நாள் ஆனதும் பெட்டியைக் கட்டுன்னு துரத்தறாங்க. கை வலிக்கு அழுவேனா, உன்னைக் கட்டிக்கிட்டதுக்கு அழுவேனா?

— தப்புதான். ஏணி மேல நின்னு ஒத்துக்கறேன், போதுமா? அதைச் சரி பண்ணத்தானே தாத்தாவைத் தேடறேன்.

— இரு, தபால்காரர் வந்துட்டார். ரொம்ப நன்றிப்பா. நார்மன்! வந்துருச்சு! வம்சம் தேடித் தர்ற அந்தப் பொண்ணு அனுப்பினதுதான்.

— பிரி, பிரி! இல்ல, இரு, நான் இறங்கறேன். இல்ல, நீயே பிரி!

— விரல் எங்க ஒத்துழைக்குது? பல்லாலதான் கிழிக்கணும். ம், சான்றிதழ் இருக்கு. கூடவே ஒரு கடிதம்.

— பிறந்த ஊர் என்ன போட்டிருக்கு? கார்க்தானே?

— விகன்.

— அயர்லாந்துல விகன்னு ஒரு ஊர் இருக்கா என்ன?

— நம்ம இங்கிலாந்து விகன்தான். ரயில்ல போனா மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துடலாம். பேரும் மிக்கி டூலி இல்ல. ஹெர்பர்ட் மட்ஜ்.

— வேற எவனோட காகிதமோ மாறி வந்திருக்கு!

— மாறல. ஐரிஷ் சங்கத்துல பிடில் வாசிக்கற வேலைக்காக இருபது வயசுல பேரை மாத்திக்கிட்டாராம். அண்ணனுக்கு அவர் எழுதின கடிதம் கிடைச்சிருக்கு. ‘ஐரிஷ்காரன்னு சொன்னா பாடச் சொல்றாங்க, குடிக்க வாங்கித் தர்றாங்க. விகன்காரன்னு சொன்னா, அங்கே மழையான்னு மட்டும் கேக்கறாங்க.’

— வேற யாராவது? பாட்டன், பூட்டன், ஒரு ஸ்காட்லாந்துக்காரராவது?

— அஞ்சு தலைமுறை தேடியிருக்கா. எல்லாரும் விகன். ஒருத்தர் மட்டும் பக்கத்து ஊர் போல்டன்.

— பெரில், அப்போ ஸ்பெயின்...

— ஸ்பெயின் போச்சு. ரோஸ்மேரி எனக்காக வெயில் விழற அறையைக் காலி பண்ணி, சுவருக்கு மஞ்சள் அடிச்சு வச்சிருக்கா. அவகிட்ட நான் என்னன்னு சொல்வேன்?

— எழுபது வருஷமா... அப்போ நான் யாரு?

— நீ இங்கிலீஷ்காரன்! உச்சந்தலையிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும், ஒரு துளி கலப்படம் இல்லாத இங்கிலீஷ்காரன்!

— மெல்லப் பேசு பெரில். யாரு காதுலயாவது விழுந்துடப் போகுது.